மூலம், முதலாம் பாதம்

பெண் பார்க்க வருகிறவர்களை வீட்டுக்கு அழைத்து, முன்னறையில் இருத்தி, பலகாரத் தட்டை நீட்டுவதுதான் ஊர் உலக வழக்கம். புஸ்பவதியின் மகளைப் பார்க்க வந்தவர்கள் படகுக்கு வரச் சொன்னார்கள். கோனிக்ஸ்சே ஏரி. இரண்டு பக்கமும் நெட்டுக்குத்தான மலை, உச்சியில் பனி, நடுவில் சத்தமே போடாமல் போகும் மின்சாரப் படகு. பேச்சு ஒத்துவராவிட்டால் எழுந்து போகவும் வழியில்லை. யோசனை மாப்பிள்ளை ராகவுடையது. மியூனிக்கில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவனுக்கு மூளை அப்படித்தான் ஓடும் போலிருக்கிறது.

புஸ்பவதியின் கைப்பையில் சாதகம் இருந்தது. அது அவள் மகளின் சாதகம் இல்லை. அதுதான் சங்கடம்.

மகளின் பெயர் அதில் சரியாகத்தான் இருந்தது: பிரபாலினி, தந்தை மகேந்திரராஜா, பிறந்த இடம் யாழ்ப்பாணம். நேரமும் சரி, விடியப்புறம் நாலு நாற்பது. தேதி மட்டும் வேறு யாரோ ஒரு பிள்ளையுடையது. அந்தப் பிள்ளை யார், எங்கே இருக்கிறாள், உயிரோடு இருக்கிறாளா என்பது ஆண்டவனுக்கும் ஆள் கடத்தும் ஒரு ஏஜென்சிக்காரனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு கார்த்திகையில், கொழும்பு எரிந்து நாலு மாதம் கழித்து, மகேந்திரராஜாவும் புஸ்பவதியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்கள். ஏஜென்சிக்காரன் தந்த பாஸ்போர்ட்டில் ஏற்கெனவே ஒரு பெண் குழந்தை எழுதப்பட்டிருந்தது. எண்பத்திரண்டு மார்ச்சில் பிறந்ததாம். பிரபாலினி பிறந்ததோ எண்பத்தொன்று ஆவணி. "பிள்ளையை நடக்க விடாதேங்கோ, கதைக்கவும் விடாதேங்கோ. வயசு கூட எண்டு பிடிச்சிடுவாங்கள்" என்று அவன் சொல்லி அனுப்பினான். நடப்பதைத் தடுக்கலாம், வாய் திறந்தால் மூடாத பிள்ளையை என்ன செய்வது? மொஸ்கோவிலும் கிழக்கு பேர்லினிலும் புஸ்பவதி அதன் வாயில் பிஸ்கட்டை அடைத்தபடியே நின்றாள்.

மேற்கு பேர்லினில் அலுவலகத்தில் தேதி கேட்டபோது, பயத்தில் அதே மார்ச் மாதத்தைச் சொன்னார்கள். ஜெர்மனியில் ஒன்றை ஒருமுறை பதிந்தால் பதிந்ததுதான். அகதி வழக்கு நடந்த காலத்தில் வக்கீலிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தார்கள். பிள்ளையின் வயதில் பொய் சொன்னவர்கள் மற்றதிலும் பொய் சொல்லியிருப்பார்கள் என்று நீதிபதி நினைப்பார், வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்றார் அவர். இருந்தார்கள். பள்ளிக்கூடம், ஆவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி, குடியுரிமை எல்லாம் அந்தத் தேதியிலேயே நடந்தன. மார்ச்சில் கேக் வெட்டினார்கள். பிரபாலினிக்கும் விஷயம் தெரியும். "எனக்கு பென்சன் அரை வருசம் பிந்தித்தான் வரும்" என்று பகிடி விடுவாள்.

அவளுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது, நட்சத்திரம். ஆவணி மாதம் வந்தால் புஸ்பவதி, அவர்கள் குடியிருக்கும் ஹம் நகரத்து அம்மன் கோயிலில் மகளின் பெயருக்கு அர்ச்சனை செய்வாள். பெயரை எல்லாருக்கும் கேட்கச் சொல்லுவாள். நட்சத்திரத்தை மட்டும் ஐயரின் காதுக்குக் கிட்டக் குனிந்து சொல்லுவாள். பக்கத்தில் நிற்கிற பெண்கள் எல்லாம் மகன் பெற்றவர்கள்.

மூல நட்சத்திரம். அதிலும் முதலாம் பாதம். ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்பார்கள். முதலாம் பாதத்தில் பிறந்த பெண் மாமனாரைத் தின்பாள் என்பார்கள். சொன்னவர்கள் யாரும் கணக்கெடுத்துப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் புஸ்பவதி அதை நம்பினாள். பொய் சொல்வானேன், அடிமனத்தோடு நம்பினாள்.

தவறு நடந்தது யாருடைய சூழ்ச்சியாலும் இல்லை. ராகவின் தாய் சென்னையிலிருந்து பெண்ணின் பிறந்த தேதி கேட்டாள். ராகவ் பிரபாலினியிடம் கேட்டான். அவள் யோசிக்காமல் அடையாள அட்டையில் இருந்ததைச் சொன்னாள்; இருபது வருடமாக எல்லா அன்ட்ராக்கிலும், விண்ணப்பப் படிவத்திலும் எழுதிப் பழகிய தேதி. நேரம் தெரியாததால் தாய்க்குப் போன் எடுத்தாள். ஏன் கேட்கிறாள் என்று தெரியாமல் தாயும் உள்ள நேரத்தைச் சொன்னாள். மூன்று கிழமையில், சென்னை ஜோசியர் கணித்த சாதகம் தபாலில் வந்தது. ரோகிணி நட்சத்திரம், ரிஷப ராசி, பத்துப் பொருத்தத்தில் ஒன்பது.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய் எண்டிருக்கு. இது ஒரே ஒரு பொய். அதுவும் நாங்கள் சொன்னதில்லை, அவையளே எழுதினது" என்றார் மகேந்திரராஜா. அவர் ஹம்மில் கம்பித் தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை செய்தவர். வளைக்க முடியாத கம்பி இல்லை என்பது அவர் கொள்கை.

"அந்த மனிசனுக்கு ஏதும் நடந்தால்?"

"நடந்தால் நெஞ்சு வருத்தத்தாலை நடக்கும். உன்ர மகளாலை இல்லை."

அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. மாமனாராக வரப்போகிறவருக்கு நெஞ்சு வருத்தம் இருக்கிறது என்பதே புஸ்பவதிக்கு அன்றுதான் தெரிந்தது.

படகுத்துறையில் முதல் பார்வையிலேயே அவளுக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. அது இன்னும் மோசம். சந்திரசேகரன் சென்னையில் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லி, உயரம், தலையில் குரங்குக் குல்லா. செப்டம்பர் வெயிலில் ஜெர்மன்காரர் அரைக் கால்சட்டையோடு நிற்க, அவர் ஸ்வெட்டருக்கு மேல் கோட் போட்டிருந்தார். மகேந்திரராஜாவைக் கண்டதும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "வாங்க சம்பந்தி" என்றார். பெண்ணை இன்னும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, அதற்குள் சம்பந்தி.

அவர் மனைவி வசுந்தரா அப்படி இல்லை. பார்த்துப் பேசுகிறவள். சாதி, ஊர், நாடு என்று அவள் எழுப்பிய தடைகளையெல்லாம், கட்டினால் பிரபாலினியைத்தான் என்று ராகவ் ஆறு மாதம் போனில் சண்டை போட்டுத் தாண்டியிருந்தான். எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த அந்தத் தாய் ஒன்றை மட்டும் விடவில்லை. ஜாதகம் பொருந்த வேண்டும். பொருந்திவிட்டது என்றதும் அவளுக்கே ஒரு நிம்மதி. அதைப் படகில் ஏறி உட்கார்ந்ததுமே சொன்னாள்.

"எனக்கு வேற ஒண்ணும் பெரிசில்லைங்க. இவருக்கு டிசம்பர்ல பைபாஸ் ஆச்சு. வர்ற பொண்ணோட ஜாதகம் இவரைத் தாங்கணும்னு ஜோசியர் சொன்னார். உங்க பொண்ணு ரோகிணி. தீர்க்க சுமங்கலின்னு ஆசீர்வாதம் பண்ணி அனுப்பின மாதிரி இருந்துச்சு எனக்கு."

புஸ்பவதி தலையை ஆட்டினாள். வேறு என்ன செய்வது? தன் பையிலிருந்து பெட்டியை எடுத்துத் திறந்து, பொரித்த ரோல்ஸை நீட்டினாள். "மரக்கறிதான். முட்டையும் போடேல்லை, பயப்பிடாமல் சாப்பிடுங்கோ."

படகு துறையை விட்டு விலகியது. தண்ணீர் கடும்பச்சையாக இருந்தது. இரண்டு பக்கமும் மலை நேராகத் தண்ணீரிலிருந்தே எழுந்து நின்றது. கரை என்று ஒன்று இல்லை. பனியுகத்து ஆறு ஒன்று, முழுக்கப் பனிக்கட்டியாலான ஆறு, மலையைக் குடைந்துகொண்டு போனதால் உண்டான பள்ளம் இது என்று படகோட்டி ஒலிபெருக்கியில் சொன்னான். பிரபாலினி அதைத் தமிழில் சந்திரசேகரனுக்குச் சொன்னாள். தாயும் தகப்பனும் பேசும் யாழ்ப்பாணத் தமிழ்தான் அவளுக்கு வரும். அவருக்காக அதை மெதுவாகப் பேசினாள்.

"ஐஸ் ஆறாம்மா? அது மலையை அறுக்குமா?"

"ஓம் அங்கிள். மெல்ல மெல்ல. ஆயிரக் கணக்கான வருசம்."

"எங்க ஆபீஸ் ஃபைல் மாதிரி" என்றார் அவர். பிரபாலினி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் மியூனிக்கில் இருதய வார்டில் தாதி. அவர் மூச்சு விடுவதை அவள் சிரிப்புக்கு நடுவிலும் கவனித்துக்கொண்டிருந்ததைத் தாய் கண்டாள். ஐந்து நிமிடத்தில் அவருடைய மருந்துகளின் பெயர், அளவு, நேரம் எல்லாம் கேட்டு அறிந்துவிட்டாள். மாத்திரைப் பை வசுந்தராவின் கையிலிருந்து பிரபாலினியின் கைக்கு மாறியது. வசுந்தராவே நீட்டினாள். "இனிமே உன் பொறுப்புதானே" என்றாள்.

புஸ்பவதி கைப்பையின் வாயை இழுத்து மூடினாள்.

நடு ஏரியில் படகு நின்றது. படகோட்டி பக்கக் கதவைத் திறந்து ஊதுகுழலை எடுத்து, எதிரே நின்ற பாறைச் சுவரைப் பார்த்து நாலு சுரம் ஊதினான். ஊதி நிறுத்தினான். மலை அதைத் திருப்பிச் சொன்னது. மறுபடி ஊதினான், மறுபடி சொன்னது. எல்லாரும் கை தட்டினார்கள். சந்திரசேகரன் மட்டும் கை தட்டாமல் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆபரேஷன் தியேட்டர்ல படுத்திருந்தப்போ, இனிமே எதையும் பாக்கப்போறதில்லைன்னு நினைச்சேன்" என்று யாருக்கும் இல்லாமல் சொன்னார். "ஐஸ் மலையும் பாத்தாச்சு, மருமகளையும் பாத்தாச்சு."

மகேந்திரராஜா மனைவியைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். பார்த்தாயா, எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று அதற்குப் பொருள். புஸ்பவதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நல்லபடியாகப் போகப் போகத்தான் அவளுக்கு நடுங்கியது. இவர்கள் கெட்டவர்களாக, கறார் பேசுகிறவர்களாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள். கெட்டவர்களிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத் தூங்கலாம்.

சென் பார்த்தலமே என்ற இடத்தில் இறங்கினார்கள். சிவப்புக் குமிழ்க் கூரைகளோடு ஒரு சின்னத் தேவாலயம், பக்கத்தில் மீன் புகையூட்டி விற்கும் கடை, பின்னால் முழு வானத்தையும் மறைத்துக்கொண்டு வாட்ஸ்மன் மலை. அதன் அடியில், கோடையிலும் கரையாத பனிக்கட்டித் திட்டு ஒன்று இருப்பதாகவும், ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தால் பார்க்கலாம் என்றும் ராகவ் சொன்னான். மீன் வாசத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வசுந்தரா முன்னால் நடந்தாள். சந்திரசேகரனும் பிடிவாதமாக நடந்தார். பத்து நிமிடத்தில் பாதை ஏறத் தொடங்கியதும் நின்றுவிட்டார். உதடு வெளுத்திருந்தது.

பிரபாலினி அவரை ஒரு மர வாங்கில் இருத்தி, மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து, மணிக்கட்டைப் பிடித்து எண்ணினாள். "ஒண்டுமில்லை அங்கிள். களைப்பு. இருங்கோ" என்றாள். கொஞ்ச நேரத்தில் அவருக்கு நிறம் திரும்பியது. எல்லாரும் திரும்பிவிடலாம் என்றார்கள், அவர் விடவில்லை. இவ்வளவு தூரம் வந்து நீங்களாவது பார்க்காமல் போனால் எனக்கு இன்னும் நெஞ்சு வலிக்கும் என்று விரட்டினார். எட்டிய தூரம் வரைக்கும் போய் அரை மணியில் திரும்புவதாக ஒப்பந்தம். கால் உளைகிறது என்று புஸ்பவதி அவரோடு இருந்துவிட்டாள். பிரபாலினி போகும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள்.

வாங்கில் இரண்டு பேரும் தனியே இருந்தார்கள். மேலே எங்கேயோ தண்ணீர் விழும் சத்தம். சம்பந்தம் பேசுவதற்கு முன்பே அந்த மனிதருக்கு இப்படி. தாலி ஏறிய பிறகு என்ன ஆகும் என்று புஸ்பவதிக்கு நினைக்கவே உடம்பு கூசியது. அவள் மருந்தையும் ஏற்றத்தையும் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு தாய்க்குக் கணக்கு எங்கே வரும்?

"சம்பந்தியம்மா" என்றார் சந்திரசேகரன். "ஒரு ரகசியம் சொல்றேன். வசுந்தரா பையில பட்டுப்புடவை, தட்டு, வெத்தலை பாக்கு எல்லாம் கொண்டாந்திருக்கா. திரும்பிப் போறப்போ படகுலயே தட்டு மாத்திடலாம்னு எனக்கு ஆசை. தை மாசம் ஒரு தேதி பாத்து வச்சிருக்கேன். ராகவுக்குக்கூடத் தெரியாது. அந்த ட்ரம்பெட்காரன் ஊதறப்போ மாத்தணும். நாதஸ்வரத்துக்குப் பதிலா."

சொல்லிவிட்டுச் சிறுபிள்ளை போலச் சிரித்தார்.

இனித் தாமதிக்க இடமில்லை. தட்டு மாறினால் சொல் மாறக் கூடாது. புஸ்பவதி கைப்பையைத் திறந்து சாதகத்தை எடுத்து மடியில் வைத்தாள்.

"அண்ணை, நான் ஒண்டு சொல்லவேணும். என்ர மனிசனுக்குத் தெரிஞ்சால் என்னைக் கொன்று போடுவார். ஆனால் உங்கட உயிர். உங்களுக்குச் சொல்லாமல் இருக்க எனக்கு ஏலாது."

எல்லாவற்றையும் சொன்னாள். பாஸ்போர்ட், பிஸ்கட், வக்கீல், மார்ச் மாதம், ஆவணி மாதம். கடைசியில் நட்சத்திரத்தைச் சொல்லும்போது, ஐயரிடம் சொல்வதுபோலவே குரல் தாழ்ந்தது.

சந்திரசேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எத்தனாவது பாதம்?"

"முதலாம் பாதம்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பிறகு சிரித்தார். நல்ல சிரிப்புத்தான்.

"இதுக்காகவா இப்படி நடுங்கறீங்க? முப்பத்திரண்டு வருஷம் மின்வாரியத்துல இருந்தவன் நான். எந்த ட்ரான்ஸ்ஃபார்மரும் நட்சத்திரம் பார்த்து வெடிச்சதில்லை. ஊரு பத்திக்கிட்டு எரியறப்போ குழந்தையைக் காப்பாத்தத் தேதி மாத்தினீங்க. அதுல என்ன தப்பு? விடுங்க. இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். வசுந்தராகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க. அவ தாங்க மாட்டா."

புஸ்பவதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இருபத்தைந்து வருடம் ஐயருக்கு மட்டும் சொன்னதை முதல்முறையாக ஒரு மனிதருக்குச் சொல்லியிருந்தாள். அவர் செத்துப் போகவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. மடியில் கனம் இறங்கியது. இந்த மனிதரின் வீட்டுக்குப் போக என் பிள்ளை கொடுத்து வைத்தவள் என்று நினைத்தாள்.

மற்றவர்கள் திரும்பி வந்தார்கள். தூரத்திலிருந்து பனிக்கட்டியைப் பார்த்ததாகவும், அழுக்கு வெள்ளையாக இருந்ததாகவும், இதற்கா இவ்வளவு நடை என்றும் வசுந்தரா குறைப்பட்டாள். பிரபாலினி நேரே சந்திரசேகரனிடம் போய்க் குனிந்து, "எப்பிடி இருக்கு அங்கிள்?" என்று மணிக்கட்டுக்குக் கை நீட்டினாள்.

"நல்லா இருக்கேம்மா. ஒண்ணும் வேண்டாம்" என்றார் அவர். கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

குளிர் என்று புஸ்பவதி நினைத்தாள்.

திரும்பும் படகில் அவர் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, மனைவியைப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். வரும்போது பிரபாலினி இருந்த இடம் அது. அவள் ராகவோடு பின் இருக்கைக்குப் போனாள். சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டதால் ஏரி முழுதும் நிழலாக இருந்தது. நாலு மணிக்குப் பிரபாலினி எழுந்து வந்து மாத்திரையையும் தண்ணீர்ப் போத்தலையும் நீட்டினாள்.

"அப்புறம் சாப்பிடறேம்மா."

"இப்பதானே நேரம், அங்கிள்."

"அப்புறம்."

அவள் போன பிறகு, "வசு, அந்த மாத்திரையை நீ எடுத்துக் குடு" என்றார். வசுந்தராவுக்குக் கொஞ்சம் ஆச்சரியம். பின்னால் திரும்பி மாத்திரைப் பையைக் கேட்டு வாங்கினாள். பிறகு கணவரின் முழங்கையை இடித்து, புடவை இருந்த பையைக் கண்ணால் காட்டினாள். "என்னங்க, சொல்லுங்களேன்."

"என்ன அவசரம்" என்றார் அவர், தண்ணீரைப் பார்த்தபடி.

மகேந்திரராஜா மனைவியைப் பார்த்தார். இந்தத் தடவை கண் சிரிக்கவில்லை. "என்ன சொன்னனி?" என்று மெல்லக் கேட்டார். அவள் சாதகம் இருந்த பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். அது போதும் அவருக்கு. இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவர். "நுணலும் தன் வாயாலை கெடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

புஸ்பவதி இன்னும் நம்பிக்கையை விடவில்லை. களைத்த மனிதர், குளிர், வயது என்று தனக்குத் தானே காரணம் அடுக்கிக்கொண்டு வந்தாள்.

துறையில் படகு முட்டி நின்றது. படகுக்கும் பலகை மேடைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அடியில் தண்ணீர் அசைந்தது. முதலில் பிரபாலினி தாவி இறங்கி, திரும்பி நின்று, சந்திரசேகரனுக்குக் கை நீட்டினாள். வார்டில் ஒரு நாளைக்கு நூறு தடவை நீட்டுகிற கை. அவர் ஒரு காலைத் தூக்கினார். கையைப் பார்த்தார். தூக்கிய கால் அப்படியே நின்றது. உடம்பு லேசாக ஆடியது. பிறகு பக்கத்தில் நின்ற படகோட்டியின் தோளை எட்டிப் பிடித்து, அவனைத் தாங்கிக்கொண்டு, அவளைச் சுற்றி இறங்கினார்.

பிரபாலினியின் கை கொஞ்ச நேரம் அப்படியே நீண்டு நின்றது. பிறகு அதே கையால் தாயை இறக்கினாள்.

பஸ் நிறுத்தத்தில் வசுந்தராவும் ராகவும் எதையோ அடித்தொண்டையில் பேசிக்கொண்டிருந்தார்கள். சந்திரசேகரன் மகேந்திரராஜாவின் முன்னால் வந்து கை கூப்பினார்.

"ரொம்ப சந்தோஷமான நாளுங்க. நாங்க ஊருக்குப் போய்ப் பேசிட்டு, கடிதம் போடறோம்."

ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறவர்களின் கடிதம் எந்தத் தமிழ் வீட்டுக்கும் வந்து சேர்ந்ததில்லை. மகேந்திரராஜாவுக்கு அது தெரியும். "அதுக்கென்ன, ஆறுதலாய்ச் சொல்லுங்கோ" என்று அவரும் கை கூப்பினார். காலையில் சம்பந்தி என்றவர் இப்போது அந்தச் சொல்லைத் தொடவில்லை.

போகும்போது புஸ்பவதியின் பக்கத்தில் ஒரு கணம் நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நான் யார்கிட்டயும் சொல்லலைம்மா. சொல்லவும் மாட்டேன்" என்றார். "எனக்கு அதுல நம்பிக்கை இல்லை. சத்தியமா இல்லை. பயம் மட்டும் இருக்கு. என்ன பண்றதுன்னு தெரியலை."

அவர் அப்பால் போனார். அவர்மேல் கோபப்பட புஸ்பவதியால் முடியவில்லை. கோபப்பட முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிரபாலினி அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். தாயைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அம்மா, வாங்கிலை இருந்து அவருக்கு என்ன சொன்னனீங்கள்? போகேக்கை நல்லா இருந்தவர். வரேக்கை என்ர கையைக் கண்டு பயப்பிடுறார்."

இனி மறைத்து என்ன? புஸ்பவதி சொன்னாள். நட்சத்திரத்தை இந்தமுறை தாழ்த்தாமல் சொன்னாள். மூலம் என்றால் என்ன, முதலாம் பாதம் என்றால் என்ன என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது, பிள்ளைக்கு அது தெரியாது. பிரபாலினி இடையில் ஒன்றும் கேட்காமல், வார்டில் நோயாளியின் வரலாறு கேட்பதுபோலக் கேட்டாள்.

"ஏன் சொன்னனீங்கள்?" என்றாள் முடிவில். கோபமாகக் கேட்கவில்லை.

"அந்த மனிசனுக்கு ஏதும் நடந்தால் பிறகு நான் எப்பிடிப் பிள்ளை உன்ர முகத்தைப் பாக்கிறது?"

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது புஸ்பவதிக்கே கேட்டது. பிரபாலினிக்கு அதற்கு முன்பே கேட்டுவிட்டது.

"ராகவ் என்னைக் கட்டுவார், அம்மா. தகப்பன் வராட்டிலும் கட்டுவார். அது பிரச்சினை இல்லை" என்றாள். "அங்கிள் என்னை இண்டைக்குத்தான் கண்டவர். அவர் பயப்பிடட்டும். நீங்கள் என்னைப் பெத்தனீங்கள். அவர் செத்தால் நான்தான் சாக்காட்டினது எண்டு நீங்களுமோ நினைச்சிருப்பீங்கள்?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். புஸ்பவதி வாயைத் திறந்தாள். எத்தனையோ அலுவலகங்களில், எத்தனையோ அதிகாரிகளின் முன்னால், இதே பிள்ளைக்காகப் பொய் சொன்ன வாய். அன்றைக்கு அந்த ஒரு சொல் வரவில்லை.

பஸ் வந்தது. பிரபாலினி தாயின் பையை வாங்கித் தோளில் போட்டு, அவளை ஏற்றி, இடம் பார்த்து இருத்தினாள். பிறகு முன்னால் போய்த் தகப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.